வேலையில்லாமல் நின்ற பக்கம்

வில்லியனூர்ப் பக்கம் நான் வேலை செய்யும் கம்பெனியில், பிளக்குக்குப் போடும் பித்தளைக் கால்களைக் கடைந்து தள்ளும் கம்ப்யூட்டர் லேத் ஒன்று இருக்கிறது. அதற்கு நீளக் கம்பி போடுவது என் வேலை. போட்ட கம்பி தீரும்வரை சும்மா நிற்பேன், இல்லையென்றால் டீக்கடைக்குப் போய்வருவேன். முன்பு கரும்பு லோடு ஏற்றினேன். லாரி வரத் தாமதமானால் கரும்புக் கட்டின் மேலேயே தூங்கிவிடுவேன். அது கிடக்கட்டும்.

ஒரு துண்டுக்கு ஆகும் நேரத்தைக் குறைக்காவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும், அப்புறம் இந்த மெஷினுக்கு ஆளே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மெஷின் செட்டிங் பார்க்கும் பாகூர்ப் பெண் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். வெட்டும் முனைதான் உடைந்தது.

"இன்னாம்மா, அத்தோட உயிர வாங்கற?"

"நீ சும்மா இரு பெரிப்பா. பாத்துனுதான கீறேன்."

வேகத்தைப் பழையபடி வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவு வழியே வெகுநேரம் பார்த்தாள். முன்பக்கம் ஒரு துண்டைக் கடைந்து அறுத்ததும், எதிர்ப்பக்கப் பிடி அதை வாங்கிக்கொள்ளும்; அங்கே அதற்குத் துளை விழும். அது முடியும்வரை முன்பக்கம் வெறுமனே நின்றது.

"பெரிப்பா, உன்ன மாதிரியே நிக்குது பாரு!" என்று சிரித்தாள். எதிர்ப்பக்கம் துளை போடும்போதே முன்பக்கம் அடுத்த துண்டைக் கடையும்படி புரோகிராமை மாற்றினாள். துண்டுகள் மளமளவென்று விழுந்தன. அளவும் பிசகவில்லை. ஆர்டர் எங்களிடமே நின்றது.

"கம்பி சீக்கிரமா தீந்துடும். இனிமே நீ டீக்கடைக்குப் போவ முடியாது."

"ஏன் போவ மாட்டேன்? மெஷினு ஓடறப்பவே அடுத்த கம்பிங்கள அடுக்கி வெச்சிட்டு போறேன். உனுக்கும் ஒரு டீ வாங்கியாரவா?"