டீக்குப் பிறகு ஊமையாகும் போன்

அனுசுயா எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டாள். அனுப்பர்பாளையத்தில் அந்தப் பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையில் நின்ற காலத்திலேயே அப்படித்தான். துணியில் ஓட்டை இருந்தால் பீஸைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பாள். "ஏம்புள்ள, கண்ணுக்கே தெரியாத ஓட்டைக்கு இத்தனை கறாரா?" என்று பக்கத்தில் நிற்பவர்கள் இழுத்தாலும் அவள் கை அடுத்த பீஸுக்குப் போய்விடும்.

அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் தையல் மெஷினில் உட்கார்ந்து அவளைப் படிக்க வைத்தார்கள். பள்ளியில் தமிழ், பாலிடெக்னிக்கில் ஆங்கிலம். கணினிப் படிப்பை முடித்தும் வேலை அமையாமல் செக்கிங்குக்கு வந்தவளை, ஆபீசில் போன் எடுக்க ஆளில்லை என்று ஒருநாள் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

போன மழையில் இடி விழுந்து, அழைப்புகளை அந்தந்தப் பிரிவுக்குப் பிரித்துக் கொடுத்த ஆபீசின் பழைய டெலிபோன் பெட்டி கருகிப்போனது. முதலாளி ஈஸ்வரமூர்த்தி புதிதாக வாங்கி மாட்ட ஆள் தேடினார். அனுசுயா அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"பெட்டி வேண்டாம் சார். மூலையில கிடக்கிற பழைய கம்ப்யூட்டர் போதும். இதுக்குன்னே மென்பொருள் இருக்கு. யாரு வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம், பிரிச்சுப் பாத்துத் திருத்திக்கலாம். அருள்புரத்துல இருக்கிற நம்ம சாயப்பட்டறைக்கும் இன்டர்நெட் வழியாவே பேசிக்கலாம்."

"ஏனம்மிணி, நீயே போட்டுருவியா?"

"போட்டுருவேன் சார்."

போட்டும் விட்டாள். ஆபீஸ், கட்டிங், தையல் ஹால் எல்லாவற்றிலும் மேஜை போன்கள் வந்தன. அருள்புரத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். இங்கே மூன்று எண்ணை அழுத்தினால் அங்கே சாயப்பட்டறைப் பொறுப்பாளர் சென்னிமலையின் மேஜையில் மணி அடித்தது. ஈஸ்வரமூர்த்தி வருகிறவர்களுக்கெல்லாம் எண்ணை அழுத்திக் காட்டினார்.

பிறகுதான் வம்பு வந்தது. காலையில் நன்றாகப் பேசுகிற போன், பதினோரு மணி டீ முடிந்ததும் ஊமையாகிவிடும். மணி அடிக்கும், சென்னிமலை எடுப்பார், குரல் மட்டும் வராது. அனுசுயா எல்லா அமைப்பையும் முதலிலிருந்து எழுதி மறுபடி ஓடவிட்டால் பேசும். சாயங்கால டீக்குப் பிறகு பழையபடி ஊமை.

கட்டிங்கில் ஒரு கதை கட்டினார்கள். "சென்னிமலைக்கு டீ குடிச்சா வாயடைச்சுப் போகுதாட்ட இருக்குது" என்றார்கள். ஒருநாள் காலை டீக்குப் பிறகு, துணிக்கு ஏறிய நிறத்தின் ஷேடு சரியா என்று கேட்க அழைத்த முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. ரிசீவரைப் பிடித்தபடியே கத்தினார்.

"எடுத்துப்போட்டு வாயத் தொறக்காம உக்காந்துக்கறான் பாரு! திமிரு. பூராத் திமிரு!"

வைத்துவிட்டு அனுசுயாவைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்கால டீக்கப்புறம் நான் பேசிப் பாப்பேன் அம்மிணி. பேசுச்சுன்னா சரி. இல்லீன்னா கடையில பெட்டி வாங்கிக்கறேன். ஆபீசுக்கும் வேற ஆளப் போட்டுக்கறேன். நீ பழையபடி செக்கிங்குக்குப் போயிக்க."

"பேசும் சார்" என்றாள்.

இருக்கைக்கு வந்ததும் சென்னிமலையின் செல்போனுக்கு அழைத்தாள். "அண்ணே, இப்ப போன் வந்துச்சே, உங்களுக்கு எதாச்சும் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சுங்க" என்றார் அவர். "திமிருன்னாருங்க."

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே விஷயமும் பிடிபட்டது. இங்கிருந்து குரல் போகிறது, அங்கிருந்து திரும்பி வரவில்லை. அப்படியானால் அந்தக் குரல் வேறெங்கோ போகிறது. டீ நேரத்தில் இங்கே என்ன மாறுகிறது?

அன்று சாயங்கால டீ நேரத்துக்குத் தையல் ஹாலுக்குப் போனாள். மணி அடித்ததும் மெஷின்கள் ஓய்ந்தன. எலக்ட்ரீசியன் சாமியப்பன் நிதானமாக வந்து மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்கு, விசிறி எல்லாம் நின்றன. சுவிட்சுக்கு மேலே ஆணியில் தொங்கிய இன்டர்நெட் ரௌட்டரின் பச்சைப் புள்ளிகளும் அணைந்தன.

"அண்ணே, தினமும் டீக்கு ஆஃப் பண்ணுவீங்களா?"

"பின்னே? ஆளில்லாத மெஷினுக்குக் கரண்டு எதுக்கு கண்ணு? இந்த ஹால் கட்டுன நாள்லருந்து இப்படித்தான்." அவர் முகம் மாறியது. "ஏன், போன் கெட்டதுக்கு நாந்தான் காரணம்னு சொல்லப் போறியா?"

"இல்லண்ணே. நீங்க தினமும் ஆஃப் பண்ணுங்க. நாளைக்கு மறக்காம பண்ணுங்க."

விஷயம் இதுதான். ரௌட்டர் அணைந்து எரிகிற ஒவ்வொரு முறையும் கம்பெனிக்கு இன்டர்நெட்டில் புது முகவரி கிடைக்கிறது. பேட்டரியில் ஓடும் அவளுடைய கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அவள் கடைசியாக எழுதி வைத்த பழைய முகவரியையே அருள்புரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது; எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதும்போது அப்போதைய முகவரியும் சேர்ந்து போனதால்தான் பேசியது.

விவரம் கேட்ட முதலாளி, "அந்த ரௌட்டரையும் பேட்டரியில மாட்டிட்டாப் போச்சு" என்றார்.

"மாட்டலாம் சார். ஆனா லைன் ஒருதரம் அறுந்து வந்தாலும் முகவரி மாறிரும். இப்ப நாம பேசுற எஸ்ஐபி முறையில மணி ஒரு வழியில போகுது, குரல் வேற வழியில போகுது. ஆர்டர் சீட்டை பைக்ல குடுத்தனுப்பிட்டு, துணியை வேன்ல வரச் சொல்ற மாதிரி. சீட்டுல பழைய முகவரி இருந்தா வேன் பழைய ஊட்டுக்குத்தான் போகும்."

"செரி, அதுக்கு?"

"ஐஏஎக்ஸ்னு இன்னொரு முறை இருக்கு. அதுல சீட்டும் துணியும் ஒரே வேன்ல. வேன் எங்கிருந்து வந்துச்சோ அங்கயே திரும்பிப் போகும். சீட்டுல முகவரியே எழுத வேண்டாம். ரெண்டு யூனிட்டுக்கும் நடுவுல அதைப் போட்டுடறேன். முகவரியைக் கையால எழுதினது என் தப்பு."

மறுநாள் காலை அருள்புரத்துக்குப் பஸ் ஏறிப் போய் அங்கிருந்த கம்ப்யூட்டரில் முறையை மாற்றினாள். மதியத்துக்குள் திரும்பி இங்கேயும் மாற்றினாள்.

சாயங்கால டீ மணி அடித்தது. சாமியப்பன் மெயினை இறக்கினார். வழக்கத்தைவிடச் சற்று அழுத்தமாகவே இறக்கினார். டீ முடிந்து விளக்குகள் வந்தன. செக்கிங் சூப்பர்வைசர் முத்தாயி உள்பட நாலைந்து பேர் ஏதோ வேலை இருப்பதுபோல் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ரௌட்டரின் பச்சைப் புள்ளிகள் நிலைக்கும்வரை காத்திருந்துவிட்டு, அனுசுயா முதலாளியிடம் ரிசீவரை நீட்டினாள்.

அவர் எண்ணை அழுத்தினார். எடுக்கும் சத்தம் கேட்டது.

"சென்னிமலை?"

"சொல்லுங்க சாமி." குரல் அறை முழுக்கக் கேட்டது. "இன்னைக்காச்சும் நான் பேசறது கேக்குதுங்களா? தெனமும் நீங்க வையறது பூராக் கேட்டுதுங்க. நானும் பதில் சொல்லிட்டேதான் இருந்தேனுங்க. அது உங்களுக்குக் கேக்காததும் நல்லதாப் போச்சுங்க!"

வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்திக்கு முகம் சிவந்தது, பிறகு அவரும் சிரித்துவிட்டார். ஷேடு என்ன ஆயிற்று என்று நெடுநேரம் பேசினார். ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். "முத்தாயி, செக்கிங் மேஜையில ஒரு இடம் காலி வெச்சிருக்கறயா?"

"நேத்து நீங்க சொன்னீங்கன்னு வெச்சிருக்கறனுங்க."

"வேற ஆளப் போட்டுக்க."

அனுசுயா ஏற்கெனவே அடுத்த அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.