நடக்கப் பழகிய பிள்ளைக்கு வாடகை

அமெரிக்காவில் வரியை ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லித் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்டைம் நின்றுபோனதே, அந்தப் புரட்டாசியில்தான் எங்கள் வீட்டுக்காரம்மா செருப்புகளை எண்ண ஆரம்பித்தார். காலையில் வாசல் தெளிக்க வாளியோடு வருவார். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் கொஞ்சம் நிற்பார். உதடு அசையும். முருகன் பேரைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். பிறகு பார்த்தால், கண் கீழே செருப்பின் மேல் இருக்கிறது. பக்கத்து அறையில் ஒடிசாப் பையன்கள். எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. பகல் ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் முடித்தவன் வந்து படுப்பான். அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. அந்த வாசலில் மட்டும் அம்மா கூடுதல் நேரம் நிற்பார்.

லைன் வீடு என்றால் ஊரில் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது. ரயில் பெட்டி மாதிரி வரிசையாக ஒற்றை அறைகள். சமையலும் படுக்கையும் அதற்குள்தான். கக்கூசும் குழாயும் எல்லாருக்கும் பொது. எங்களுடையது முன்னே தறிக்கூடமாக இருந்தது. வீட்டுக்காரம்மாவின் குடும்பம் தலைமுறையாக நெசவு. விசைத்தறி கட்டுப்படியாகாமல் போனதும் தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டுவிட்டு, நடுநடுவே சுவர் எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். தறியைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்த அடையாளம் எங்கள் தரையில் இன்னும் இருக்கிறது. ஒரு தறி நின்ற இடத்தில் ஒரு குடும்பம்.

நாங்கள் சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்காரர்கள். எங்கள் பக்கம் வாடகை வீடு என்று ஒன்றை நான் கண்டதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வந்தால் சும்மா கிடக்கிற ஒரு வீட்டைத் திறந்துவிடுவார்கள். அவர் மாற்றலாகிப் போகும்போது சாவி கேட்க மாட்டார்கள், சாவி என்று ஒன்று இருந்தால்தானே. அப்படி வளர்ந்தவன் மனைவியையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினேன். கம்பெனியில் கைமடி வேலை, அதாவது தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது. முதலில் குடியிருந்த வீட்டுக்காரர் ஒருநாள் கூப்பிட்டு, "ஏனுங் தம்பி, நம்ம பையனுக்குக் கண்ணாலம் வெச்சிருக்குதுங்க. ஊடு கொஞ்சம் வேணுமாட்ட இருக்குதுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக என்னிடம் அதுவரை யாரும் பேசியதில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், "கல்யாணத்துக்கு அழைச்சிருக்காரு" என்று மனைவியிடம் சொன்னேன். ஒரு எவர்சில்வர் குடம்கூட வாங்கி வைத்தோம். மறுவாரம் அவரே வந்து, எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, "பாத்துங்க, கை நசுங்கிப் போகும்" என்று சொல்லிச் சொல்லித் தெருவில் வைத்தார். அந்தக் குடமும் அதில் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவனை வெளியே போகச் சொல்ல வேண்டுமென்றால் சத்தம் போடுவார்கள். இங்கே வாயில் 'ங்க' கூடினால் என் கண் இன்றைக்கும் முதலில் சாமான்கள் பக்கம்தான் போகும்.

அதனால்தான், குழாயடியில் வீட்டுக்காரம்மா, "ஏனுங்ணா, ஒண்ணு சொல்லோணும், கோவிச்சுக்கப்படாதுங்க" என்றபோதே குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"சொல்லுங்க தாயி."

"வர்ற மாசத்துலருந்து ஊட்டுக்கு வாடகை இல்லீங்."

ஒரு நொடி சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"ஆளுக்குத்தானுங்க வாடகை. தலைக்கு இவ்வளவுன்னு. பக்கத்து ரூமு பசங்க அப்படித்தான் குடுக்குறாங்க. தண்ணி லாரி முன்னே வாரத்துக்கு ஒண்ணு வந்துச்சு, இப்ப ஒண்ணு பத்தறதில்லீங். கக்கூசுத் தொட்டி அள்ளுற வண்டிக்காரன் வேற. என்ற பாடு எனக்குத்தானுங்க தெரியும். உங்க ஊட்டுல நீங்க, மகன், மருமவ. மூணு பேருங்களா?"

"பேரன் ஒருத்தன் இருக்கானே, அவனையும் எண்ணுவியளா?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அட போங்ணா! பால் குடிக்கிற கொழந்தைய எண்ணுனா என்ற முருகன் மன்னிப்பானுங்களா? நடக்கப் பழகட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கி வைத்தபோதுதான் அந்த 'நடக்கப் பழகட்டுங்க' எனக்குள் இறங்கியது.

பனியன் கம்பெனியில் கூலி சனிக்கிழமைதோறும். நான் வேலைக்குப் போன காலத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை வீட்டுக்காரருடையது, மற்றவை எங்களுடையவை. அதுதான் எல்லாத் தொழிலாளிக்கும் கணக்கு. அன்றைக்குக் கைப்பிள்ளையாக வந்த என் மகன் செல்வராஜ் இப்போது டைலர். அவன் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. என்னைவிட எத்தனையோ மடங்கு கூலி வாங்குகிறான். ஆனாலும் மூன்று தலைக்கு வாடகை கொடுப்பதற்குள் இரண்டாவது சனிக்கிழமையிலும் பாதி போய்விட்டது. ஓவர்டைம் இல்லை. மருமகள் எஸ்தர் பிள்ளையை வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போக முடியாது. அவளும் நானும் வீட்டில் உட்கார்ந்து, தைத்த பனியனில் தொங்கும் நூல் பிசிறை வெட்டிக் கொடுத்து வந்தோம். நாலாவது தலை கூடினால் ஒன்று வேறு வீடு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நான் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் வீட்டின் கூரை உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது.

வேறு வீடு பார்க்கவும் போனேன். அருள்புரம் பக்கம், பிறகு பல்லடம் ரோட்டில் அதற்கும் தள்ளி. வாடகை குறைந்த இடத்துக்குக் கம்பெனி வேன் வராது. வேன் வருகிற இடத்தில் வாடகை குறையாது. வேன் டிரைவருக்கு வழி சொல்கிறவன்தான் இந்த ஊரில் வாடகையையும் தீர்மானிக்கிறான் போலிருக்கிறது. ஒரு வீட்டில் என் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, ஜாதியைக்கூடக் கேட்கவில்லை. "எத்தனை உருப்படிங்க?" என்று கேட்டார்கள். பனியனைத்தான் உருப்படி என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னே, நான் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறேன். பேரன் சாமுவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிற்பது பழகியதுதான். திடீரென்று சுவரை விட்டான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, குடித்தவன் மாதிரி ஆடி ஆடி நேரே என் மடிக்கு வந்து விழுந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏ பிள்ள, எஸ்தரு! ஓடியா, ஓடியா, நடந்துட்டாம்ட்டி!" என்று கத்தினேன். வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். வந்தவள் பிள்ளையைத் தூக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

"சத்தம் போடாதிய மாமா. அந்தம்மா குழாயடியில நிக்காவ."

அவன் மறுபடி எழுந்தான். அவள் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். அவன் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். திரும்ப எழுந்தான், திரும்ப உட்காரவைத்தாள். பஞ்சம் பார்த்திருக்கிறேன், சாவு பார்த்திருக்கிறேன். ஒரு தாய் தன் பிள்ளையின் முதல் நடையை அமுக்கி உட்காரவைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

செல்வராஜ் சாயங்காலம் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எப்பா, ஆர்டர் வந்துரும்ங்காங்க. அதுவரைக்கும் அவன் நடக்காம இருக்கட்டும்பா" என்றான்.

அதற்குப் பிறகு, நடக்கத் தெரிந்த பிள்ளையை நாங்கள் மூன்று பேரும் முறைபோட்டுச் சுமந்தோம். குழாயடிக்கு, கடைக்கு, மாதா கோயிலுக்கு, எங்கே போனாலும் இடுப்பில்தான். இறங்க வேண்டும் என்று உதைப்பான். கதவைச் சாத்திய அறைக்குள் மட்டும் நடக்கலாம். அங்கே நாலு எட்டு வைத்தால் சுவர். பக்கத்து அறை ஒடிசாப் பையன் தீபுவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சாமுவேலை அவன் பாபு என்றுதான் கூப்பிடுவான். "தாத்தா, பாபு நல்லா நடக்குது. நான் பாத்துச்சு. சொல்லாது" என்று வாயில் விரல் வைத்தான். சில நாள் அவனே பிள்ளையைத் துணி மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் நடக்கவிடுவான். "அந்தம்மா கேட்டா?" என்றேன். "அம்மா எண்ணுறப்ப எங்க ரூம்லயும் பாதி ஆளு மேலதான் தாத்தா" என்று சிரித்தான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் வீட்டுக்காரம்மா நல்லவர். அதுதான் எங்களுக்கு வினையாகப் போனது. பொங்கல் கழித்து ஒருநாள் எஸ்தரை நிறுத்தி, "ஏங் கண்ணு, வருசம் தாண்டிப் போச்சுங்களே, இன்னும் இவன் நடக்கக் காணமே?" என்றார். அவள் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மறுநாள் கிண்ணத்தில் நல்லெண்ணெய் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, தொடையிலிருந்து பாதம் வரை உருவி உருவித் தேய்த்தார். அவன் ஓங்கி உதைத்தான். "காலு கல்லாட்ட இருக்குதுங்களே! அப்பறம் ஏன் நடக்க மாட்டீங்கிறான், என்னமோ தெரீலீங்களே" என்றார். தினமும் வந்தார். கடைசியாக ஒருநாள் தேய்த்து முடித்து, எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"முட்டி வலி தாங்காம இந்த வருசம் பழனிக்கு நடக்கலீன்னு இருந்தனுங்ணா. இப்ப போறதுன்னு முடிவு பண்ணிட்டனுங்க. இவன் காலுக்காக வேண்டிக்கிட்டேன். நடந்தே போறேன்."

அவர் எழுந்து நிற்க இரண்டு தடவை சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"தாயி, நடக்காதிய. அவன் நடக்கான்."

அவருக்குப் புரியவில்லை. எஸ்தர் கையில் இருந்த பிள்ளையை வாங்கி வாசலில் இறக்கிவிட்டேன். வெளிவாசல் அவனுக்குப் புதுசு. கொஞ்சம் மலைத்து நின்றான். பிறகு ஒரு கோழியைப் பார்த்துவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு லைனின் கடைசி வரை ஓடினான். வீட்டுக்காரம்மா "முருகா, முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர். பிறகுதான் அந்த ஓட்டத்தைக் கவனித்தார். அது இன்றைக்குப் பழகிய கால் இல்லை.

"எப்பருந்துங்க?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலருந்து" என்றேன்.

படியில் உட்கார்ந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எனக்குப் பயந்துட்டா கொழந்தைய நடக்க உடாம வெச்சிருந்தீங்க?" என்றார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். எங்கள் ஊராக இருந்தால் தெருவே கூடியிருக்கும், அந்தச் சண்டையிலேயே எல்லாம் தீர்ந்தும் போயிருக்கும். அவர் போடவில்லை. போகட்டும், இவனை எண்ணவில்லை என்று சொல்வார் என்றும் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். திரும்பி ஓடிவந்த பிள்ளையின் பாதத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார்.

"இந்தத் தையிலருந்தே நாலு பேருங்ணா" என்றார். "சாமிக்குச் சொன்னது வேறீங்க, ஊட்டு வாடகை வேறீங்க. இவனுக்கு உட்டா, அந்தாண்ட ஊட்டுல ரெண்டு நடக்குது, அதுகளுக்கும் உடோணும். எனக்கு வேற வருமானம் ஏதுங்க?"

அந்தக் குரலில் கோபம் இல்லை, வஞ்சகம் இல்லை. அதுதான் என்னை அசைத்துவிட்டது. கெட்டவர் என்றால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

"அப்ப என்னைக் கழிச்சுக்கிடுங்க தாயி" என்றேன்.

செல்வராஜ் என்னென்னவோ சொன்னான், எஸ்தர் சாப்பிடவில்லை. நான் கேட்கவில்லை. அம்மா சொன்னபடி பழனிக்கு நடந்து போய், பிள்ளைக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் திரும்பி வருவதற்குள் நான் அருள்புரத்தில் ஒரு குடோனில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டேன். கூலி சொற்பம், ஆனால் படுக்க இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேரனைப் பார்க்கப் போகிறேன். "வாங்ணா, இருந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்கிறார் வீட்டுக்காரம்மா. "ராத்திரி தங்குறாப்ல இருந்தா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

குடோனில் என்னைச் சுற்றிக் கூரை வரை அட்டைப்பெட்டிகள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் அது போய்ச் சேர வேண்டிய ஊர் எழுதியிருக்கிறது என்று லோடுமேன் சொன்னான். அவற்றுக்கு நடுவில் கட்டில் போட்டுப் படுக்கிறேன். ஊரில் ரேஷன் கார்டில் மட்டும் நான் இருக்கிறேன், வீடு இல்லை. இங்கே வீடு இருக்கிறது, அதில் நான் இல்லை. ஆனால் பேரன் இப்போது லைன் முழுக்க ஓடுகிறான். யாரும் அவனைப் பிடித்து உட்காரவைப்பதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இன்றைக்கும் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது பிள்ளையும் பையுமாகத் திருப்பூர் வண்டிக்கு நின்றுகொண்டிருப்பார்கள். வேலை எங்கே என்றும் கூலி எவ்வளவு என்றும் அவர்களே விசாரித்துக்கொள்வார்கள். பிள்ளையை எப்போதிருந்து எண்ணுவீர்கள் என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.