நல்லான் காலி செய்த கூடாரங்கள்

அவிநாசிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் நல்லான் தலையாரி. வி.ஏ.ஓ. சொல்வதை ஊருக்குச் சொல்வதும், ஊர் சொல்வதை வி.ஏ.ஓ.விடம் கொண்டுபோவதும் அவர் வேலை. அதிலெல்லாம் அவருக்கு அலுப்பில்லை. வருஷா வருஷம் அவிநாசித் தேர் முடிந்ததும் வரும் நரிக்குறவர்களைக் கிளப்பிவிடுவதுதான் அவரை ஓய்ந்துபோக வைத்தது.

முன்பெல்லாம் சோளம் அறுத்த காட்டில் அவர்கள் கூடாரம் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். எலி பிடிக்கட்டும் என்று விவசாயிகளே கூப்பிட்டதுண்டு. காடெல்லாம் மனை பிரித்துச் சைட்டாகி, நடுநடுவே பனியன் கம்பெனிகள் எழும்பிய பிறகு, எங்கே துணியைக் கட்டினாலும் யாராவது ஒரு இடத்துக்காரர் போன் பண்ணினார். நல்லான் போய்ச் சொல்வார். அவர்கள் அடுத்த ஊருக்குப் போவார்கள். அந்த ஊர்த் தலையாரி ராக்கையா இந்தப் பக்கமே திருப்பி அனுப்புவார்.

அந்த வருஷம் பனியன் கம்பெனி முதலாளி மருதாசலத்தின் காலி இடத்தில் இறங்கியிருந்தார்கள். புதுக் கம்பெனிக்கு அங்கே மறுநாள் பூமி பூஜை. நல்லான் போனபோது, பாசிமணி கோத்துக்கொண்டிருந்த பவளக்கொடி எழுந்து வந்தாள்.

"மருமகளுக்கு நேத்துத்தான் கொழந்தை பொறந்துச்சு சாமி. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க."

நல்லான் மருதாசலத்திடம் போய் நின்றார். "ஏனுங்க, பச்சைப் பிள்ளைக்காரி இருக்குறாளுங்க."

"நான் என்ன கல்நெஞ்சக்காரனாப்பா? ஐயரு வர்றாரு, பேங்க்காரங்க வர்றாங்க. நாளைக்கு மட்டும் அங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அடுத்துப் போய்ச் சொன்னபோது வி.ஏ.ஓ. கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம எல்லையத் தாண்டிட்டாச் செரி."

ராக்கையா எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தார். "எங்க பிரசிடென்ட் கண்டிப்பாச் சொல்லிட்டாருங்க. இந்தப் பக்கம் உட்டா என் வேலை போயிரும்" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள நல்லானால் முடியவில்லை. தானும் இதையேதானே செய்துவந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் நல்லான் அவர்களைச் சுடுகாட்டுக்கு அழைத்துப்போனார். பிணம் எரிக்கிற தகரக் கொட்டகையைத் தவிர, சொந்தம் கொண்டாட ஆளில்லாத இடம் ஊரில் வேறு இல்லை. பிள்ளைக்காரியை அங்கே படுக்கச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

பவளக்கொடியே சாம்பலைப் பெருக்கித் தள்ளினாள். "இங்க இருக்குறவங்க எங்களை எந்திரிக்கச் சொல்லமாட்டாங்க சாமி."

"இடத்துக்கு மனுக் குடுத்துப் பாத்தீங்களா?"

"குடுத்தோம் சாமி. ரேஷன் கார்டுக்கு விலாசம் கேக்குறாங்க. விலாசத்துக்கு ஊடு வேணும். ஊட்டுக்கு இடம் கேட்டா, கார்டு எங்கேங்கறாங்க."



மூன்றாம் நாள் ஊரில் கண்ணம்மாள் என்ற கிழவி இறந்துபோனாள். சுடுகாட்டுக்குச் சேதி சொல்ல நல்லான் ஓடியபோது, பறையொலி கேட்டதுமே அவர்கள் மூட்டை கட்டிவிட்டிருந்தார்கள். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துத் துணியில் கட்டிக்கொண்டு மருமகள் முன்னால் நடந்தாள். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

சுடுகாட்டில் குடியிருந்தார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பஞ்சாயத்து கொட்டகையைச் சுற்றிக் கம்பி வலையடித்து, இரும்புக் கதவு போட்டு, சாவியை நல்லானிடமே கொடுத்தது.

மறுவருஷம் தேர் முடிந்து அவர்கள் வந்தார்கள். பவளக்கொடி கொட்டகைப் பூட்டைப் பார்த்தாள். நல்லான் திறந்துவிட்டார்.

வி.ஏ.ஓ. கூப்பிட்டு வெகுநேரம் சத்தம் போட்டார். "வேலையில இருக்கணுமா, வேண்டாமா?"

"உங்க இஷ்டமுங்க" என்றார் நல்லான். ரோஷத்தில் சொன்னதல்ல, நின்று நின்று அவருக்குக் கால் வலித்தது. வேலை போகவில்லை. அந்த வாரமே வேறொருவர் போன் பண்ணினார், தன் இடத்துக்குப் பக்கத்தில் ஏதோ கூடாரம் தெரிகிறது என்று. நல்லான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.