ஆயிரத்தில் எட்டு

“ரத்தமே இல்லன்ற. இருக்கறதையும் இன்னாத்துக்குக் குத்தி எடுக்குற?”

திங்கட்கிழமை தோறும் பாகூர் வைத்தியசாலையின் பின்னறைக்குள் முதலில் இந்தக் கேள்வி நுழையும். மூச்சு வாங்கிக்கொண்டு கலியம்மாள் அதன் பின்னால் வருவாள். ஏரிக்குக் கீழே எந்தக் கழனியில் நடவு என்றாலும் அவள்தான் முதல் ஆள். இப்போது வரப்பில் பத்தடி வைத்தால் உட்கார வேண்டியிருந்தது. நாக்கு, நகக்கண் எல்லாம் சுண்ணாம்பு வெளுப்பு.

வலது கையைத் தர மாட்டாள். அது நாற்று ஊன்றுகிற கை. இடது கையிலும் சுண்டுவிரல் மட்டும்தான். ஊசி ஏறும்போது கூரையைப் பார்த்தபடி, தன் ரத்தத்தைக் குடித்தவர்களை வரிசையாகச் சொல்வாள்: அட்டை, கொசு, மூட்டைப்பூச்சி, அப்புறம் ஆரோக்கியம்.

ஆரோக்கியம் அங்கே நுண்ணோக்கி பார்ப்பவன். அந்த ஒரு சொட்டை நீல மையோடு கலந்து கண்ணாடியில் வைப்பான். புதிதாய்ப் பிறந்த ரத்த அணுவுக்குள் மட்டும் நீல நூல் சிக்கினாற்போல் தெரியும். ஆயிரம் அணுவை எண்ணினால் அதில் இளசு எத்தனை என்பதுதான் கேள்வி. இரும்பு மருந்து குடிக்கிறவருக்கு ஒரே வாரத்தில் ஐம்பது, அறுபது என்று முளைக்கும்.

கலியம்மாளுக்கு எட்டு. மறுவாரமும் எட்டு. மூன்றாம் வாரம் ஏழு.

இப்படியே போனால் பொங்கல் வரை நெஞ்சு தாங்காது என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். ஆரோக்கியம் மையைச் சந்தேகப்பட்டான், கண்ணாடியைச் சந்தேகப்பட்டான், கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட்டான். கொடுத்தனுப்பிய இரும்பு மருந்தைக் குடிக்கிறாளா என்று அவளைக் கேட்டால் ஒரே பதில்: “ஒரு சொட்டு வீணாவல தம்பி, அய்யனார் மேல சத்தியம்.”

நான்காம் திங்கள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மகள் ருக்குமணிக்கு ஏழு மாதம். வளையல் அடுக்கிய கையோடு தாய்வீடு வந்து ஒரு மாதம் ஆகிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி ரத்தம் சிந்தக் கூடாது என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்ததால் வாசற்படியோடு நின்றுகொண்டாள். குத்திப் பார்க்காமல் அங்கே யாருக்கும் இரும்பு மருந்து தருவதில்லை.

கலியம்மாள் வழக்கம்போல் அட்டை, கொசு என்று ஆரம்பித்தாள். ருக்குமணி சிரித்துவிட்டாள்.

பல்லெல்லாம் கறுப்பு. வேளை தவறாமல் இரும்பு மருந்து குடிப்பவரின் பல் அப்படித்தான் கறுக்கும். கலியம்மாளின் பல்லில் இருந்தது வெற்றிலைக் காவி மட்டும்.

ஆரோக்கியம் ஊசியைக் கீழே வைத்தான். பொய்ச் சத்தியம் என்று சொல்லவும் வழியில்லை. ஒரு சொட்டும் வீணாகவில்லைதான். டாக்டர் வந்தார், தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார், எதுவும் கேட்காமல் இரண்டு புட்டியாக எழுதினார். முதல் கரண்டியைத் தன் எதிரிலேயே கலியம்மாள் விழுங்க வேண்டும் என்றார். விழுங்கினாள். முகம் கோணியது.

வருகிற திங்கள் மகளுக்கும் எண்ணிப் பார்த்தால் நல்லது என்று ஆரோக்கியம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

கலியம்மாள் மகளின் கையை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடினாள். பிறகு, இதுவரை தராத வலது கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

“எண்ணு தம்பி, யாரு வேணான்னா? அவ ரத்தம் எங்கேருந்து வந்துது, இந்த ஒடம்புலேருந்துதான? அவளுக்கும் சேத்து என்னையே ரெண்டு குத்து குத்திக்க.”