அரியூர் நாடு கொடுத்த தேதி

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், சோளக்காட்டுச் சேவைச் சங்கத்து நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்காவின் வாழ்க்கையைப் பிறந்த ஊரிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்று மாமா கேட்டுக்கொண்டார். அக்காவின் கணவரை நான் மாமா என்றே அழைப்பேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு துக்கத்துக்கு வந்து முகம் பார்க்க முடியாமல் திரும்பிய உறவினர்கள் சிலர், "அவ்வளவு அவசரமாக ஏன் எடுத்தீர்கள்?" என்று இன்றும் கேட்கிறார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லிவிட்டோம். நடந்தது நடந்தபடி ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அக்கா பிறந்தது கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில். அப்பா கொத்து வேலை செய்தார். அம்மா காட்டு வேலைக்குப் போனார். மூத்தவர் எங்கள் ஒரே அண்ணன், பெரியண்ணன் என்றே அழைப்போம்; அடுத்தவர் அக்கா, கடைசி நான். பெரியண்ணன் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவுடன் கலவை சுமக்கப் போனார். அவர் சுமந்ததால் அக்கா செவிலியர் பயிற்சி முடித்தார். பிறகு அண்ணன் மேஸ்திரியாகி வடக்கே போய் நாக்பூரில் நிலைத்துவிட்டார். பொங்கலுக்கு வந்தால் முதலில் மலையேறி அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

அக்காவுக்கு முதல் பணியே மலைமேல். வளப்பூர் நாட்டில் கிராம சுகாதார செவிலியர். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். கீழே இருந்து வருகிற அரசு ஊழியர்கள் மாறுதல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அக்கா கேட்கவில்லை. அங்கேயே பள்ளி ஆசிரியராக இருந்த மாமாவை மணந்து, சோளக்காட்டில் வீடு கட்டி, ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே இருந்தார். பிள்ளைகள் இல்லை. மலைமேல் அவருக்குப் பெயர் நர்சம்மா. பிரசவம் பார்த்த வீடுகளில் இருந்து பலாப்பழம் வந்துகொண்டே இருக்கும். "இத்தனை பழத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எல்லாரும் சேர்ந்து என்னைப் பழக்கடை வைக்கச் சொல்றீங்களா?" என்று பேருந்து நிறுத்தத்திலேயே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு வருவார்.

ஓய்வுக்குப் பிறகு அக்கா சேவைச் சங்கத்தில் சேர்ந்தார். ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய சங்கம் அது. மாதத்தின் முதல் ஞாயிறன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். அடுத்த மாதம் என்ன செய்வது என்று அன்று முடிவாகும். பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம், மழை தொடங்கும்போது மரக்கன்று, கோடையில் நிறுத்தத்தில் தண்ணீர்த் தொட்டி, சந்தை நாளில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை என்று வேலைகள் இருக்கும். இவற்றுள் பெரியது கண்சிகிச்சை முகாம். ஒரு நாட்டில் முன்கூட்டியே பரிசோதித்து, கண்புரை உள்ளவர்களைக் கீழே மருத்துவமனைக்கு வேனில் அழைத்துப்போய், அறுவை சிகிச்சை முடித்து, வீடு வரை கொண்டுவந்து விட வேண்டும். மருத்துவமனை வேனும் படுக்கையும் தரும். ஆட்களைத் திரட்டுவது சங்கத்தின் பொறுப்பு.

அக்கா சேர்ந்த ஆண்டு, அரியூர் நாட்டு முகாமுக்குப் பங்குனியில் ஒரு ஞாயிறைச் சங்கம் குறித்தது. நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜீப்பில் மைக் கட்டி அறிவித்தார்கள். அன்று வேன் வந்து நின்றது. ஒருவர்கூட ஏறவில்லை. முந்தைய வாரம் அங்கே நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிய பின் நோம்பி முடியும்வரை யாரும் எல்லை தாண்டமாட்டார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் காப்பு நாள் வேறு. சங்கத்தார் மலைக்குக் கீழிருந்து வந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாது. அக்கா வளப்பூர் நாட்டின் கணக்கை வைத்துக்கொண்டு, அங்கேயும் நோம்பி முடிந்திருக்கும் என்று இருந்துவிட்டார்.

நோம்பி முடிந்ததும் கோடை மழை, உழவு, விதைப்பு. அடுத்த முகாம் கூடிவர மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் மிளகு பறிக்கும் வெள்ளையன் என்பவருக்கு ஒரு கண்ணில் புரை முற்றி, பிறகு சிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை. உயர்ந்த மரங்களில் ஏணி சாய்த்து ஏறிக் கொடியிலிருந்து மிளகு பறிக்கிறவர் அவர்.

வேன் வெறுமையாகத் திரும்பிய பின் நடந்த கூட்டத்தில் செயலாளர் கோபமாக இருந்தார். அவர் வட்டார அலுவலகத்தில் பணியாற்றியவர். அந்தப் பேச்சை அக்கா எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"மைக் கட்டிக் கூப்பிட்டாச்சு. இதுக்கு மேல தாம்பாளம் வெச்சா அழைக்க முடியும்?"

"ஏனுங்க சார், உங்க பொண்ணு கல்யாணத்தன்னைக்கு வேன் அனுப்பி, வாங்க ஆபரேஷன் பண்ணலாம்னா ஏறுவீங்களா?"

"அப்ப ஒண்ணு செய்யுங்க நர்சம்மா. அடுத்த தடவை தேதியை நீங்களே அவங்ககிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்துருங்க."

அவர் கேலியாகத்தான் சொன்னார். அக்கா மறுநாள் காலைப் பேருந்தில் அரியூர் நாட்டுக்குப் போய் அங்கே தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். அன்றிலிருந்து சங்கத்தின் வழக்கம் மாறியது. என்ன வேலை என்பதைக் கூட்டம் முடிவு செய்யும். எந்த நாள் என்பதை அந்தந்த நாட்டார் சொல்வார்கள். அறுவடை, நோம்பி, காப்பு எல்லாம் பார்த்து அவர்கள் ஒரு நாளைச் சொன்னால் அதுவே தேதி. அதன்பின் வேன் வெறுமையாக இறங்கியதில்லை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது பரவிவிட்டிருந்தது. சேலத்தில் சிகிச்சை நடந்தது. இனிப் பயனில்லை என்று மருத்துவர் சொன்னதும் சோளக்காட்டுக்கே அழைத்து வந்தோம். நான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் இருந்தேன். சென்ற ஆண்டு மாசிக் கூட்டத்தைச் சங்கத்தார் அக்காவின் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு நடத்தினார்கள். அரியூர் நாடு மாசிக் கடைசி ஞாயிறைக் கொடுத்திருந்தது. வெள்ளையனுக்கு மறு கண்ணிலும் புரை விழுந்து, ஏணி ஏறுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அந்த முகாமின் வேன் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. அக்காவின் நிலைமையைப் பார்த்துவிட்டு, முகாமைத் தள்ளிவைக்கலாமா என்று செயலாளர் தயங்கிக் கேட்டார்.

"நான் இருந்தாலும் இல்லாட்டியும் வேன் போகோணுங்க சார்," என்றார் அக்கா. "எனக்கு ஒரு நிமிஷம் மௌனம் போதும். ரெண்டு நிமிஷம் நின்னா உங்களுக்கு முட்டி வலிக்கும்."

செயலாளர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

முகாமுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை பிற்பகல், அக்கா காலமானார். மாமா கையைப் பிடித்திருந்தார். நான் கால்மாட்டில் இருந்தேன். பெரியண்ணனுக்குச் சொன்னதும் கிடைத்த ரயிலில் ஏறிவிட்டார். ஞாயிறு இரவுக்குள் வந்துவிடுவேன் என்றும், பிறந்த வீட்டுக் கோடிப் புடவை எடுத்து வருவதாகவும் சொன்னார். பெண் இறந்தால் உடன்பிறந்தவன் கோடி போட்ட பிறகே எடுப்பது எங்கள் பக்கத்து முறை. திங்கள் காலை எடுப்பது என்று முடிவானது.

ஞாயிறு விடிந்ததும் அரியூர் நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊர்க்கவுண்டரும், வேனில் போக வேண்டியவர்களும், அவர்கள் வீட்டாரும் வாசலில் அமர்ந்தார்கள். வெள்ளையனை அவர் மனைவி கைப்பிடித்து அழைத்து வந்தார். கொஞ்ச நேரத்தில் மருத்துவமனை வேன் நிறுத்தத்தில் வந்து நின்றது. உச்சிப்பொழுதுக்குள் கீழே இறங்க வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். பிற்பகல் பரிசோதனை, திங்கள் அறுவை சிகிச்சை, செவ்வாய் வீடு திரும்புதல். படுக்கைகள் அந்த வாரத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. அடுத்த ஞாயிறு போனால், வீடு திரும்ப வேண்டிய செவ்வாய் காலையே அரியூர் நாட்டில் காப்பு. அதற்குள் திரும்ப முடியாது.

செயலாளர் ஊர்க்கவுண்டரிடம் கெஞ்சினார். "கவுண்டரே, துக்கத்துக்கு நாங்க இருக்கோம். இவங்களை மட்டும் வேன்ல ஏத்திடலாம்."

"எடுக்காம எந்திரிக்க மாட்டமுங்க. எடுத்து, தண்ணி வாத்துக்கிட்டா அப்புறம் எங்க வேணா போவோம். நர்சம்மாவைப் போட்டுட்டுப் போனா அந்தக் கண்ணு எதைப் பார்க்கறதுக்குங்க?"

வெள்ளையனிடம் நானே கேட்டேன். "போறதுன்னா போங்க. அக்கா தப்பா நினைக்க மாட்டாங்க."

"அவிய நினைக்க மாட்டாங்க சாமி. நான் நினைப்பேன்ல," என்றார்.

ஆகவே, திங்கள் வரை வைத்திருந்தால் வேன் வெறுமையாக இறங்கும். காலையிலேயே எடுத்தால் பெரியண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாது. வேறு வழி இருந்ததா என்று இந்த ஓராண்டாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். ரயில் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"நான் வாரதுக்கு முன்னால எடுக்கறதா? கோடி யாரு போடறது?"

"அண்ணா, அக்காவே சொன்னது, வேன் போகோணும்னு."

"உங்களுக்குச் சங்கம் பெருசா, கூடப் பொறந்தவன் பெருசா?"

பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி முயன்றோம், கிடைக்கவில்லை. மாமா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து விளக்கைத் தூண்டிவிட்டார். பிறகு எழுந்து வந்து, "எடுத்தரலாம். பெரிய மச்சான்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றார். முடிவு அவருடையது. நான் உடன்பட்டேன். அண்ணனிடம் சம்மதம் பெறவில்லை என்பதை இங்கே மறைக்கவில்லை.

கோடிக்கு என்ன செய்வது என்று பெண்கள் கேட்டார்கள். நான் கட்டிக்கொடுக்கப்பட்டவள், பிறந்த வீட்டுக் கோடி நான் போட முடியாது. அப்போது ஊர்க்கவுண்டர் எழுந்தார். "நாங்க போடறமுங்க. எங்க நாட்டுல நர்சம்மா காலு படாத ஊடு இல்லீங்க. அண்ணன் வார வரைக்கும் அண்ணன் மொறைக்கு நாங்க நிக்கறோம்." சோளக்காட்டுத் துணிக்கடைக்காரர் கதவைத் திறந்து ஒரு புடவையை எடுத்துக் கொடுத்தார். கவுண்டர் போர்த்தினார். மாமா கொள்ளி வைத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பி, குழாயடியில் குளித்த ஈரத்தோடு அவர்கள் வேனில் ஏறினார்கள். உச்சிப்பொழுதுக்கு முன்பே வேன் வளைவுகளில் இறங்கியது.

பெரியண்ணன் அன்று இரவு வந்தார். கோடிப் புடவை இருந்த பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். மாமா பேசினார், நான் பேசினேன். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. திங்கள் முழுவதும் அப்படியே.

இனி நன்றி. அக்காவின் வலியைக் குறைக்க வீட்டுக்கே வந்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், மூன்று வேளையும் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், வேனை நிறுத்திக் காத்திருந்த ஓட்டுநருக்கும், கடை திறந்தவருக்கும், ஊர்க்கவுண்டருக்கும், சங்கத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த ஆண்டும் அரியூர் நாடு தேதி கொடுத்துவிட்டது. வளப்பூர் நாட்டில் கேட்டு வரச் செயலாளரே போகிறார். அங்கே மிளகு பறிப்பு இன்னும் முடியவில்லை என்பதால் பொறுத்துப் பதில் சொல்வார்கள். முகம் பார்க்க முடியாமல் போன உறவினர்கள் எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளையன் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். செவ்வாய் மாலை, மூன்றாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் வாசலில் இருந்தபோது வேன் திரும்பி வந்தது. மற்றவர்கள் வேனிலேயே இருக்க, அவர் மட்டும் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார். பெரியண்ணன் முன்னால் வந்ததும் நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணாடியைக் கழட்டாதீங்க, தூசி படும்," என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. அண்ணனையே பார்த்தார்.

"நீங்க நர்சம்மாவுக்கு அண்ணனுங்களா?"

அண்ணன் தலையசைத்தார்.

"அவிய மொகம் அப்படியே உங்களுக்கு இருக்குதுங்க."

இரண்டு நாட்களுக்குப் பிறகு அண்ணன் வாய் திறந்தார்.

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"அப்பச் சரி," என்றார் அண்ணன். பக்கத்தில் நகர்ந்து, அவர் உட்கார இடம் கொடுத்தார்.