எங்க சாரும் அந்தப் புரொபசர் பதவியும்

கணக்கு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டால் வீட்டுக் கணக்காவது சரியாக இருக்கும், தமிழ் வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டால் கல்யாணப் பத்திரிகையாவது பிழையில்லாமல் வரும், அரசியல் அறிவியல் வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டால் என்ன கிடைக்கும் என்று என்னைக் கேட்டால், பேச்சு கிடைக்கும்.

என்னைப் போல வாத்தியார் வீட்டில் மாட்டிக்கொண்ட அம்மாக்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். நான் எட்டாவதோடு நின்றவள். எங்க சார் படிப்பை நிறுத்தவே இல்லை. கடலூரில் வீடு, சிதம்பரத்தில் கல்லூரி, நடுவில் பஸ். தெருவில் எல்லாரும் அவரை "புரொபசர் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கல்லூரியில் அவர் அசோசியேட் புரொபசர். இந்த வித்தியாசம் தெருவுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஒவ்வொருத்தர் அப்படிக் கூப்பிடும்போதும், புதுச் செருப்பு கடித்தவர் மாதிரி முகம் போகும். ரிடையர் ஆவதற்குள் நிஜமாகவே புரொபசர் ஆகிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குச் சொந்தமாக ஆராய்ச்சி பண்ணி ஒரு புத்தகம் போட்டிருக்க வேண்டும். அவரிடம் படித்து ஒரு பிள்ளையாவது டாக்டர் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நாங்கள் பட்ட பாடுதான் இது.

கிளி ஜோசியம்

தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் கூட்டம் ஜாஸ்தி. அரசியலையே படித்தவர் ஆயிற்றே, யார் ஜெயிப்பார் என்று தெரியாமலா இருக்கும் என்று வருவார்கள். நான் டீ போட்டே ஓய்ந்துவிடுவேன். என் தம்பி செல்வம் பஸ் டிப்போவில் டிரைவர். அவன் டூட்டி மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவான்.

"நீங்களே சொல்லுங்க மாமா, நம்ம தொகுதியில யாரு?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "ஒரு பக்கம் பாத்தா இவங்களுக்கு வாய்ப்பு இருக்கு. ஆனா இன்னொரு பக்கம் பாத்தா..." என்று ஆரம்பித்தால், இன்னொரு பக்கம், அதற்கு எதிர்ப் பக்கம், கூட்டணிப் பக்கம் எல்லாம் போய், டீ ஆறி, கடைசியில் "முடிவு வந்தப்புறம்தான் இதை ஆராய முடியும்" என்று வந்து நிற்பார்.

செல்வம் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, மாமாவுக்கு கிளி ஜோசியக்காரன் எவ்வளவோ மேல். கிளி ஒரு சீட்டையாவது வெளிய எடுக்கும்."

வகுப்புத் தலைவர்

புதுப் பிள்ளைகளுக்கு ஜனநாயகத்தைப் பாடமாகச் சொல்லாமல் நடத்தியே காட்டுவது அவர் வழக்கம். வகுப்புக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள், மனு போடுங்கள், பிரச்சாரம் பண்ணுங்கள், ரகசியமாக ஓட்டுப் போடுங்கள் என்று விளக்கிவிட்டு வெளியே போய் நின்றாராம். உள்ளே சத்தமே இல்லை. எவ்வளவு ஒழுங்கு என்று பூரித்துப் போய்த் திரும்பினால், அதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது. எல்லா ஓட்டும் ஒரே பையனுக்கு.

அந்தப் பையன் அன்றைக்கு வரவே இல்லை. தலைவர் என்றால் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், சாக்பீஸ் வாங்கி வர வேண்டும், சுற்றுலாவுக்குப் பணம் பிரிக்க வேண்டும். யார் வரவில்லையோ அவன் தலையில் கட்டுவது பிள்ளைகளின் வழக்கம். மறுநாள் அவன் வந்ததும் சார் கை கொடுத்து வாழ்த்தினார். அவன் பாவம், முழித்துக்கொண்டு கேட்டான்: "சார், நான் நேத்து லீவு லெட்டர்தான் சார் குடுத்தேன், மனு எப்ப சார் குடுத்தேன்?"

அஞ்சாவது வீடு

புத்தகத்துக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். பெண்கள் யார் சொல்லி ஓட்டுப் போடுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. தனியாகப் போனால் பெண்கள் பேச மாட்டார்கள் என்று என்னையும் இழுத்துப் போனார். என் வேலை, பக்கத்தில் நின்று சிரிப்பது.

கம்மாபுரம் பக்கம் ஒரு தெருவில் இறங்கினோம். அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடுதான் கேட்க வேண்டுமாம், அதுதான் முறையாம். முதல் வீட்டில் கேட்டுவிட்டு நாலு வீட்டை விட்டுத் தாண்டினோமோ இல்லையோ, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஏதோ உதவித்தொகைக்கு ஆள் எடுக்கிறார்கள், நம்ம வீட்டை ஒதுக்கிவிட்டார்கள் என்று பேச்சு பரவிவிட்டது. ஒரு அம்மா இடுப்பில் கை வைத்து வழியை மறித்தாள். "எங்க வெரலுக்கு மட்டும் மை ஒட்டாதா சார்? என்னா கொறச்சல் எங்களுக்கு?"

சார் பொறுமையாக விளக்கினார். "அப்படி இல்லம்மா. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி." அந்த அம்மா கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு சொன்னாள்: "பதம் பாருங்க சார், வேணாங்கல. ஆனா பந்தியில ஒக்காந்தவங்கள்ல அஞ்சு பேருக்கு ஒருத்தருக்குத்தான் சோறு போடுவீங்களா?"

அன்றைக்கு எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினோம். பஸ்ஸில் உட்கார்ந்து அஞ்சாவது வீட்டுத் தாளை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார். சார் மடியில் கிடந்த மிச்சத்தைக் கண்டக்டர் பார்த்துவிட்டு, "அம்புட்டும் கல்யாணப் பத்திரிகையா சார்?" என்றார்.

போனில் இருந்தவர்

அடுத்தது பரங்கிப்பேட்டை. அங்கே பல வீட்டில் ஆம்பிளை வெளிநாட்டில், பெண் இங்கே. வாங்க வாங்க என்று உட்கார வைத்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் போட்ட வட்டலப்பம் கொடுத்து உபசரித்தார்கள். என் பங்குக்கு நான் அதைக் கவனித்தேன்.

முதல் வீட்டுப் பொண்ணு, "அவுங்களும் இருக்கட்டுங்க, இல்லாட்டி கோவிச்சுப்பாங்க" என்று போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். போன் சாயாமல் இருக்கத் தண்ணிச் செம்பில் சாய்த்து வைத்தாள். போனுக்குள் இருந்து ஒருவர் சலாம் சொன்னார். எங்க சாருக்கு ஒரே சந்தோஷம், ஒரு வீட்டில் இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்களே என்று. "போனை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைங்கம்மா, அவரு முகம் தெரியட்டும்" என்றார். அடுத்த வீடுகளில் அவரே கேட்டு வாங்கி வைக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வீடு செம்பு, வீட்டுக்கு வீடு போன், வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "அவுங்க சொல்றதுக்குத்தாங்க போடுவேன்."

புத்தகம் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஆம்பிளைதான் இங்கே இருக்கிற பெண்ணின் ஓட்டைத் தீர்மானிக்கிறான் என்பது அதன் சாரம். வெளியீட்டு விழாவில் எல்லாரும் புகழ்ந்தார்கள். செல்வம் புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டு என் காதில் கேட்டான்: "ஏன்க்கா, ஒரு வீட்ல கூடவா ஒரு பொம்பள மாத்திச் சொல்லல? நம்ம வீட்ல உப்பு எவ்வளவுன்னு கேட்டாலே ரெண்டு பதில் வருமே."

சபீரா

பிறகு சபீரா வந்தாள். அவளுக்கும் அதே பரங்கிப்பேட்டைதான் ஊர். சாரிடம் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். சாரோட புத்தகத்தையே இன்னும் ஆழமாகப் பண்ணுகிறேன் என்றாள். சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புத்தகமும் ஆயிற்று, பிள்ளையும் கிடைத்துவிட்டது, இனி பதவி வந்த மாதிரிதான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "சார், உங்க புத்தகத்துல இருக்கறது வரலைங்க சார்" என்றாள். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து பெண்கள் கூடி உட்கார்ந்து பூண்டு உரிக்கிற நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறாள். பேசிப் பேசி எல்லாம் வெளியே வந்திருக்கிறது. ஒரு அம்மா சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "அவுங்க போன்ல சொல்வாங்க, நாங்களும் சரிங்கன்னு சொல்வோம். சரின்னு சொல்றதும் ஓட்டுப் போடுறதும் ஒண்ணாம்மா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் சில தெருவில் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார். போனாள், அதையேதான் கொண்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க எங்க சார் கத்தரிக்காய் வாங்கப் போய் முருங்கைக்காயோடு திரும்பினார். புத்தகம் நின்றால் பொண்ணு விழுவாள், பொண்ணு நின்றால் புத்தகம் விழும், எது விழுந்தாலும் பதவி போகும். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் வீடு தேடி வந்து ரகசியமாக யோசனை சொன்னார். "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி ரெண்டு அத்தியாயத்தை லேசாத் தட்டிச் சரி பண்ணுங்க சார். புத்தகமும் நிக்கும், பட்டமும் வரும், பதவியும் வரும்." நியாயமாகத்தான் பட்டது எனக்கு. காபியில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் சபீராவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். சார் சொன்னார்: "ஒரு வரியையும் மாத்தாத. ஆனா என் புத்தகம் தப்புன்னு எழுதற எடத்துல பக்க எண்ணை மட்டும் சரியாப் போடு. அதுல பாதிப் பேரு கோட்டை விட்டுடறாங்க."

கடைசிப் பரீட்சை

டாக்டர் பட்டத்துக்குக் கடைசியில் ஒரு வாய்மொழிப் பரீட்சை உண்டு. வெளியூரிலிருந்து ஒரு பெரிய வாத்தியார் வந்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார். யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் பரீட்சைக்கு நிற்கிற பிள்ளையின் வீட்டார் விருந்து போடுவது வழக்கம் என்பதால், வருகிறவர்கள் பாதிப்பேர் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள். சபீராவின் அம்மா பிரியாணி அண்டாவோடு வந்திருந்தார். அன்றைக்கு ஹாலில் உட்கார இடமில்லை. அரசியலில் அக்கறையே இல்லாத வேதியியல் வாத்தியார்கள்கூட வந்திருந்தார்கள்.

வெளியூர்க்காரர் சிரிக்கவே மாட்டார் போல. கடைசியாகக் கேட்டார். "உங்க கைடு ஒண்ணு எழுதியிருக்காரு. நீங்க அது இல்லேங்கறீங்க. அவரு எங்க தப்புப் பண்ணாரு, சொல்லுங்க." சபீரா சாரைப் பார்த்தாள். சார் மின்விசிறியைப் பார்த்தார். நான் பிரியாணி அண்டாவைப் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "சார் கேட்ட கேள்வி எல்லாம் சரிதாங்க சார். கேக்கும்போது வீட்டுக்காரரு போன்ல இருந்தாருங்க." ஹாலே சிரித்தது. பெரியவர் சிரிக்காமல் எங்க சார் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

எங்க சார் எழுந்து நின்றார். "அவ சொல்றது சரிங்க. அந்தப் போனை முகம் தெரியற மாதிரி திருப்பி வைக்கச் சொன்னதே நான்தாங்க."

பட்டம் அங்கேயே அறிவித்தார்கள். சபீராவின் அம்மா என் தட்டில் கறியாக அள்ளி வைத்தார். எனக்குத்தான் இறங்கவில்லை. பொண்ணு ஜெயித்துவிட்டாள், இவர் புத்தகம் ஊரறியச் செத்துவிட்டது, இனி பதவி எங்கே. முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "வருத்தப்படாதீங்கம்மா. எங்க வீட்டுக்காரருக்கும் இன்னைக்குத்தான் என் ஓட்டு விஷயம் தெரியும், நான் அவரையும் சமாளிக்கணும்."

இன்டர்வியூ

ரிடையர்மென்ட் நெருங்கின நேரத்தில் பதவிக்கு இன்டர்வியூ வந்தது. எங்க சார் போய் வந்து சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் இருந்தவர் புத்தகத்தை ஒரு விரலால் தள்ளினாராம். "இது தப்புன்னு உங்க மாணவியே நிரூபிச்சிட்டாங்க. அப்புறம் எதை வெச்சு உங்களுக்குப் புரொபசர் குடுக்கறது?"

இவர் கண்ணாடியைத் துடைக்கவில்லையாம். ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று ஆரம்பிக்கவும் இல்லையாம். "அந்தப் பொண்ணுக்கு நான்தாங்க கைடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஆர்டர் வந்தது. புது நாற்காலி சூடாவதற்குள் ரிடையர் ஆகிவிடுவார், ஆனாலும் வந்துவிட்டது. சபீரா குடும்பத்தோடு வந்து, அவரை நடுவில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். செல்வத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடமே கேட்டான்: "தப்பாப் புத்தகம் போட்டதுக்கா மாமா ப்ரமோஷன்? எங்க டிப்போவுல சைடு கண்ணாடி ஒடைஞ்சாலே சஸ்பெண்ட் பண்ணிடறான்."

மற்ற உத்தியோகத்தில் நாம் பண்ணின தப்பு யார் கண்ணிலும் படாமல் இருக்கச் சாமியைக் கும்பிட வேண்டும், வாத்தியார் உத்தியோகத்தில் மட்டும்தான் அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை நம்மிடமே வந்து படிக்கக் கும்பிட வேண்டியிருக்கிறது.