கிளீனர் விழுங்கிய பாதிக் காசு

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என் நாட்குறிப்பில் மூன்று வரி இருக்கிறது. "நான்காம் இதழ், பதினேழாம் பக்கம் வரை மை போட்டாயிற்று. கடையில் மின்சாரம் பிற்பகல்தான் வந்தது. நினைவஞ்சலி பிளெக்ஸ் சொல்ல ஒரு அம்மா வந்தார்." மூன்றாவது வரியை எழுதியபோது அதைப் பற்றி மேலும் எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். பள்ளிக்கூட நாளிலிருந்து காமிக்ஸ் வாங்குகிறேன். ஒவ்வொரு புத்தகத்தின் உள்அட்டையிலும் வாங்கிய தேதியும் கடையும் பென்சிலில் குறித்திருக்கும். வாங்கிப் படித்ததோடு நிற்காமல், காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து சொந்தமாகவே ஒன்று போட்டுவருகிறேன். அவர் வரைவார், நான் எழுதுவேன். என்னைவிட மிகவும் இளையவர், அண்ணே என்று கூப்பிடுவார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பகலெல்லாம் ஊரார் முகங்களைக் கணினியில் வெளுப்பாக்கிவிட்டு, கூட்டம் குறைந்த நேரத்தில் தாளை எடுத்து எங்கள் ஆளை வரைவார்.

எங்கள் ஆள் ஒரு லாரி கிளீனர். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பக்கத்துக் காளி கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அநியாயம் நடந்தும் கேட்க நாதியில்லாதவர்கள் ஈரத்துணியோடு அங்கே போய், உளியை வைத்து ஒரு காசை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். செய்தவனை அதன்பிறகு அவள் பார்த்துக்கொள்வாள். பகை தீர்ந்தால் இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து காசைச் சேர்த்துப் போட வேண்டும். ஒரு தரப்பு மட்டும் வந்தால் செல்லாது. எங்கள் கதையில், அப்படி வெட்டிப் போட்ட காசில் ஒரு பாதியைக் கிளீனர் குடிபோதையில் எடுத்து விழுங்கிவிடுகிறான். அன்றிலிருந்து பழிவாங்கும் ஆவி ஒன்று அவனுக்குள் குடியிருக்கிறது. யார் எங்கே காசு வெட்டினாலும் அவன் வயிற்றிலிருக்கும் பாதி பழுக்கக் காய்கிறது, விலா எலும்புகள் தணலாகச் சட்டைக்கு வெளியே தெரிகின்றன. அநியாயம் செய்தவனைத் தேடிப்போய்த் தண்டித்துவிட்டுத்தான் அவன் திரும்ப முடியும். மனமில்லாவிட்டாலும் போக வேண்டும். மறுநாள் லாரியைக் கழுவிக்கொண்டே வாந்தியெடுப்பான்.

இந்த வகை நாயகர்கள் மேல்நாட்டுக் காமிக்ஸில் நிறைய உண்டு. இருட்டினால் எரிவார்கள், விடிந்தால் வருந்துவார்கள். அவர்களுக்கு நல்ல உடையாவது இருக்கும். எங்கள் ஆளுக்குக் கிரீஸ் படிந்த லுங்கிதான்.

கடைக்கு வந்த அம்மாவுக்கு நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் இறந்தபோது அஞ்சலி பிளெக்ஸும் இதே கடையில்தான் அடித்திருந்தார். இப்போது இரண்டாம் ஆண்டு. நண்பர் பழைய கோப்பைத் தேடிக்கொண்டிருக்க, மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த பக்கங்களை அந்த அம்மா பார்த்தார்.

"நெஞ்செலும்பு தெரியுதே, இது யாருண்ணே?"

"சும்மா கதைதான் தங்கச்சி. காசு வெட்டிப் போட்டா இவன் போயிக் கேப்பான்."

"கேப்பானா?" அந்த அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "நானுந்தான் ஈரச்சேலையோட போயி வெட்டிப் போட்டேன். ரெண்டு வருசமாச்சு. எவனும் போயிக் கேக்கலியே."

பிறகு சொன்னார். கணவர் காரைக்குடியில் கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் கழுவப் போகிறவர். வேலை முடிந்து முதல் பேருந்தில் வந்து இறங்கி, நிறுத்தத்தில் போட்டிருந்த சைக்கிளை எடுத்திருக்கிறார். பின்சக்கரத்தில் காற்று இல்லை. தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். விடிகிற நேரத்தில் ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பால் வண்டிக்காரர் வந்து பார்க்கும்வரை உயிர் இருந்திருக்கிறது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். வண்டி எண்ணைப் பார்த்தவர் யாருமில்லை. வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸில் வழக்கை முடித்துவிட்டார்கள்.

"அவனை இதுல போடுங்க," என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். "மொகம் தெரியாம எப்பிடித் தங்கச்சி வரையறது?"

"மொகம் இல்லாமலே போடுங்க. யாருன்னு அவனுக்குத் தெரியும்ல?"

"போட்டு என்ன ஆகப்போகுதும்மா?" என்று நான் கேட்டேன்.

"அவன் சாகணும்னு நான் நெனைக்கல சார். அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும். யாருன்னு எனக்குத் தெரியணும். ஏன் நிப்பாட்டலைன்னு அவன் வாயால சொல்லணும். எங்க வீட்டுக்காரவுக தாகமா இருக்குன்னு ஏதும் கேட்டாகளா, அதையும் சொல்லணும். அம்புட்டுத்தான்."

புத்தகம் அடிப்பதே முந்நூறு பிரதிதான், அதில் பாதி என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நண்பர் சரி என்றார். நினைவஞ்சலி பிளெக்ஸுக்குப் பணம் வாங்க மறுத்தார். அந்த அம்மா மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தாம் இதழில் அந்தச் சம்பவத்தை நான்கு பக்கத்தில் சேர்த்தோம். ஊர்ப் பெயர் இல்லை. வெள்ளைக் கார், விடியற்காலைச் சாலை, காரோட்டியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். இறந்தவரை நடந்துபோகிறவராகக் காட்டினோம். அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. "சைக்கிள் கம்பியெல்லாம் வரையறது பெரிய சள்ளைண்ணே, எத்தனை கட்டத்துல வருது பாருங்க," என்றார் நண்பர். நானும் விட்டுவிட்டேன். கடைசிக் கட்டத்தில் கிளீனர் சாலை நடுவில் நிற்கிறான், சட்டைக்குள் தணல். தொடரும்.

வழக்கமாக வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். யாரோ ஒரு வாசகர் அந்த நான்கு பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸாப்பில் விட, அது நாங்கள் எதிர்பார்க்காத குழுக்களுக்கெல்லாம் போயிற்று. கடைக்கு வந்து, "எங்க பங்காளி வரப்பை வெட்டிட்டான், அவனையும் இதுல போடுவீகளா?" என்று கேட்டவர் ஒருவர். "மூக்கு நல்லாப் பெருசா போடுங்க, ஊருக்கே தெரியும்" என்று யோசனையும் சொல்லிப் போனார். சிரித்தோம்.

புரட்டாசியில் ஒரு பிற்பகல் இன்னொருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர் போல நெற்றியில் திருமண். அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு பிரதி வாங்கி, நின்றபடியே புரட்டினார். நான் பக்கத்து நாற்காலியில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஆளு நடந்து போற மாதிரில்ல போட்டிருக்கீக," என்றார். "சைக்கிளைத் தள்ளிக்கிட்டுல்ல..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

நண்பரின் கை மௌஸில் அப்படியே நின்றது. நான்தான் கேட்டேன். "நீங்க எந்த ஊருங்க?"

"அங்குட்டுத்தான் சார்." பக்கத்தைத் திருப்பினார். "இந்தக் காசைச் சேத்துப் போடுறது இருக்குல்ல, அதுக்கு ரெண்டு பேரும் போயே ஆகணுமா? ஒருத்தர் மட்டும் போனா ஆகாதா?"

"எதுக்குக் கேக்குறீக?"

"கதைக்குத்தான். அடுத்த புத்தகத்துல அந்தக் காருக்காரனை விட்டுருங்க சார். பயந்துபோயி ஓட்டிட்டுப் போயிருப்பான். வேணும்னே யாரு செய்வா?"

"விட முடியாதுங்க. கிளீனர் நினைச்சாலும் அவனால நிப்பாட்ட முடியாது. அவனுக்குள்ள இருக்கிறது நிப்பாட்ட விடாது. அப்படித்தான் கதையோட விதி."

அவர் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "விதியை எழுதுனது நீங்கதானே சார்?"

விதியை நான் எழுதவில்லை, கோயிலிலிருந்து எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் பெயரைக் கேட்டேன். "பேரு எதுக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நண்பர் பின்னாலேயே ஓடினார். பேருந்து நிலையத்து முன்னால் கல்லூரி விட்ட நேரத்துக் கூட்டம். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கழிவுத் தாளை இழுத்து, நான் தடுப்பதற்குள், அந்த முகத்தை வரைந்துவிட்டார். வெளுப்பாக்காமல் அவர் வரைந்த முகங்களில் அது நன்றாக வந்த ஒன்று. நெற்றிச் சுருக்கம்கூட விட்டுப்போகவில்லை.

அன்று மாலை எங்களுக்குள் சண்டை.

"அந்தத் தங்கச்சிகிட்ட இதைக் குடுத்துருவோம்ணே."

"யாருன்னு தெரியுமா உனக்கு? சைக்கிள்னு பேப்பரிலேயே போட்டிருப்பான்."

"தள்ளிக்கிட்டு வந்தாகன்னு பேப்பர்ல போட்டானா?"

நூலகத்துக்குப் போய்ப் பழைய நாளிதழ்க் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஆறு வரிச் செய்தி. சைக்கிளில் சென்றவர் என்று இருந்தது, தள்ளிக்கொண்டு என்று இல்லை. ஆனால் அன்று காலை ஓடிப்போய்ப் பார்த்த ஊர்க்காரர்கள் எல்லோரும் காற்றில்லாத சக்கரத்தைப் பார்த்திருப்பார்கள். கடைக்கு வந்தவர் அவர்களில் ஒருவருடைய மைத்துனராக இருக்கலாம், கேட்டுத் தெரிந்த யாராவது இருக்கலாம். இந்தத் தாள் வாட்ஸாப்பில் ஏறினால் ஒரு குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது. காவல் நிலையத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேரில்லாமல், ஊரில்லாமல் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "பொம்மைப் புத்தகத்தைப் பாத்துட்டு ஒருத்தர் கேள்வி கேட்டாருன்னு எழுதிக்கவா சார்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

ஐப்பசியில் அந்த அம்மா அடுத்த இதழ் வந்துவிட்டதா என்று பார்க்க வந்தார். ஒருவர் வந்ததையும், காசைச் சேர்த்துப் போடுவதைப் பற்றிக் கேட்டதையும் மட்டும் சொல்வது என்று முடிவு செய்திருந்தோம். நான் சொன்னேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்று அவர் சொன்னதையும் நண்பர் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"மொகம் பாத்தீகளா?"

"பாத்தோம்," என்றார் நண்பர். அவர் கை மேசை இழுப்பறைமேல் இருந்தது.

"அது அவர்தானான்னு எங்களுக்குத் தெரியாதும்மா," என்றேன் நான்.

"காட்டாதீகண்ணே," என்றார் அவர், நண்பரின் கையைப் பார்த்துக்கொண்டு. "காட்டிட்டா பஸ்ஸுல, சந்தையில, போற எடத்துல எல்லாம் அந்த மூஞ்சியவே தேடிக்கிட்டுத் திரிவேன். எனக்கு வேலை இருக்கு, வீட்டுல படிக்கிற புள்ள இருக்கு." எழுந்து சேலையைச் சரிசெய்தார். "ஒத்தையா போனா ஆகாதான்னு கேட்டான்ல? அப்ப அவனுக்குக் கோயிலுக்கு வரணும்னு இருக்கு. நான் அங்க போயி உக்காந்திருக்கேன். நான் இருந்தா ரெண்டு பேரு ஆயிரும்ல."

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போகிறார். மற்ற நாட்களில் கூலி வேலை. எங்கள் ஆறாம் இதழ் நின்றுவிட்டது. கிளீனர் அந்தச் சாலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறான். அவனைக் காரோட்டியிடம் அனுப்பினால், கோயிலுக்கு வரலாம் என்று நினைத்தவர் பயந்து வராமல் போகலாம். விட்டுவிட்டால் அந்த அம்மா என்ன நினைப்பார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எட்டுப் பக்கம் எழுதி எட்டையும் கிழித்தேன். நண்பர் ஒருநாள், "நம்ம ஆளுக்கு வயித்துல காசு. நமக்கு என்னண்ணே வந்துச்சு?" என்றார்.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். காசு வெட்டும் இடத்துக்கு எதிரில், வேப்பமர நிழலில், தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார். "வாங்க சார். காலையில ரெண்டு பேரு சேந்து வந்தாக, நெஞ்சு அடிச்சுக்கிருச்சு. பாத்தா அண்ணந் தம்பி, பாகப் பிரிவினைச் சண்டையாம். சிரிச்சுக்கிட்டே போறாக," என்றார். பூசை முடியும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் வரவில்லை.

திரும்பும்போது வெளியே தேங்காய்க்கடை வைத்திருப்பவர் என்னை நிறுத்தி, அந்த அம்மா யாருக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்தார்; காசைச் சேர்த்துப் போட ஒருவருக்காக என்றேன். முந்திய புதன்கிழமை வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தனியாக வந்து, காசு வெட்டும் இடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாராம். "சேத்துப் போட வந்தீகளா, கூட ஆளு வரலியா?" என்று இவர் கேட்டதற்கு, "அவுக எந்தக் கிழமை வருவாகன்னு தெரியலியே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நெற்றியில் திருமண் இருந்ததா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.

இதை அந்த அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு எல்லா நாளும் வந்து உட்காருவார். புதன்கிழமை வந்தவரும் கடைக்கு வந்தவரும் ஒருவர்தானா, அவர்தான் அந்த வண்டியை ஓட்டினாரா என்பவை இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.